அழைக்கப்பட்ட படைகளும் அழைக்கப்படாத மக்களும்: 1971 ஏப்ரல் பற்றிய எழுத்துக்களில் சப்ரகமுவத் தோட்டங்கள்

தன் மக்களின் நம்பிக்கையை இழந்த ஓர் அரசாங்கம் பிறநாட்டுப் படைவலியின் துணைகொண்டு நிலைத்து நிற்க முற்படுவது இக்கால உலக வரலாற்றில் அரிய நிகழ்ச்சியன்று. தென் வியட்நாமில் 1963 நவம்பரிற் கொலையுண்ட ங்கோ டின் டியெம் முதலாக, 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழும்வரை அங்கு ஆட்சி செலுத்தியோர் அமெரிக்கப் படைபலத்திலேயே தங்கியிருந்தனர். 1979 டிசெம்பரில் ஆப்கானிஸ்தானுட் புகுந்த சோவியத் படைகளும், 2001 ஆம் ஆண்டின் பின் அங்கு சென்ற அமெரிக்கப் படைகளும், தாம் தாங்கி நின்ற அரசாங்கங்களுக்கு அந்நாட்டு மண்ணில் வேரூன்றக் கற்றுக்கொடுக்க இயலாமலே திரும்பின. இத்தகைய தலையீடுகள் பற்றி எழுதுவோர் வழக்கமாக ஒரு வினாவையே முதன்மைப்படுத்துவர்: காப்பாற்றப்பட்ட அரசாங்கம் ஊழல் மிக்கதா, அன்றா? ஊழல் மிக்கதெனின் தலையீடு பழிக்கப்படும். அன்றெனின் அது நட்புதவி எனப் பெயர் பெறும்.

இவ்வினா தேவையானதே. ஆயின் இது போதுமானதன்று என்பதை நமது நாட்டின் 1971 ஏப்ரல் அனுபவம் புலப்படுத்துகின்றது. அவ்வனுபவத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மூவகை எழுத்துக்கள் முக்கியமானவை. ஒன்று, கிளர்ச்சி செய்தோரின் போதனை. இரண்டாவது, அரசின் நீதிவிசாரணை சார்ந்த வரலாறு. மூன்றாவது, இடதுசாரிச் சிந்தனையாளரின் விமர்சனம். இம்மூன்றையும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் நின்று வாசித்தால் எவ்வாறு தோன்றும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கிளர்ச்சி மிகக் கடுமையாக நடைபெற்ற பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. தோட்டங்களும் கிராமங்களும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் நிலப்பரப்பு அது. ஆதலால் இவ்வாசிப்பு வெறும் பிரதேச அபிமானத்தின்பாற் பட்டதன்று.

1

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நன்று. 1970 மே மாதத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியன இணைந்த ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்தது. அவ்வெற்றிக்காக உழைத்தோருள் 1965 இல் உருவாகிய மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞரும் அடங்குவர். ஓராண்டு நிறையுமுன்னரே இவ்விரு சாராரும் எதிரெதிரே நின்றனர். 1971 மார்ச் 13 அன்று ரோகண விஜேவீர கைது செய்யப்பட்டார். மார்ச் 16 அன்று அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஏப்ரல் 5 அதிகாலை வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது; அன்றிரவு தென்பகுதியெங்கும் பொலிஸ் நிலையங்கள் தாக்குதலுக்குள்ளாயின. கேகாலை மாவட்டத்திற் சில பகுதிகள் வாரக்கணக்காகக் கிளர்ச்சிக்காரர் வசமிருந்தன.

அரசாங்கத்திடம் அப்போதிருந்த படை சிறியது, தோட்டாக்களும் குறைவு. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க பல நாடுகளிடம் உதவி கோரினார். வந்த உதவியின் பட்டியல் வியப்புக்குரியது. பிரித்தானியா சிங்கப்பூரிலிருந்த தன் களஞ்சியத்திலிருந்து துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அனுப்பிற்று. அமெரிக்கா ஹெலிகொப்டர் உதிரிப்பாகங்களை வழங்கிற்று. சோவியத் யூனியன் மிக் போர் விமானங்களையும் ஹெலிகொப்டர்களையும் அனுப்பிற்று. யுகோசிலாவியாவும் எகிப்தும் தத்தம் பங்குக்குப் படைக்கலம் உதவின. இந்தியா ஹெலிகொப்டர்களையும் அவற்றை ஓட்டுவோரையும் அனுப்பியதோடு, கட்டுநாயக்கா விமான நிலையத்தைக் காக்கத் தன் படைவீரரையும், கரையோரத்தைக் கண்காணிக்கத் தன் போர்க்கப்பல்களையும் அனுப்பிற்று. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்களை அனுப்பிற்று. கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் இராணுவத்தின் கொடுமை 1971 மார்ச் 25 அன்று தொடங்கி, இந்தியாவும் பாகிஸ்தானும் போரின் விளிம்பில் நின்ற மாதம் அது. அவ்விரு நாடுகளும் இலங்கையில் ஒரே காரியத்திற்கு உதவின.

சீனாவின் நிலையும் இவற்றினின்று வேறுபட்டதன்று. சூ என்லாய் 1971 ஏப்ரல் 26 தேதியிட்ட கடிதத்தில் கிளர்ச்சியைக் கண்டித்து, வட்டியில்லாக் கடனும் அளிக்க முன்வந்தார். உலகின் வேறெவ்விடத்தும் உடன்படாத தலைநகரங்கள் யாவும் இங்கு உடன்பட்டமை கருதத்தக்கது. கொள்கையளவில் முரண்பட்ட அரசுகள் ஒரு சிறு நாட்டின் கிராமப்புற இளைஞருக்கெதிராக ஒன்றுபடும்போது, அவ்வொற்றுமையின் அடிப்படை கொள்கையன்று, நலன் என்பதே தெளிவாகும்.

அந்நலனின் ஒரு பகுதி சப்ரகமுவத் தோட்டங்களிலேயே விளைந்தது. 1952 இல் இலங்கை சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம் 1971 இலும் நடைமுறையிலிருந்தது. கேகாலையும் இரத்தினபுரியும் இறப்பர் மாவட்டங்கள். எட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, தெரணியகலைப் பகுதிகளில் விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்ற தொழிலாளியின் உழைப்பு, பீக்கிங்குக்கும் கொழும்புக்குமிடையிலான நட்பின் பொருளாதார அடித்தளங்களுள் ஒன்று. பிரித்தானியாவைப் பொறுத்தவரை, ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் அன்று அதன் முதலீட்டாளரின் சொத்தாகவே இருந்தன. தலையீடு செய்த அரசுகள் காக்க விரும்பிய உலகத்தின் அடியில் இத்தொழிலாளர் இருந்தனர். ஆயின் அவ்வுலகத்தின் உரிமையாளராக அவர்கள் எக்காலத்தும் இருந்ததில்லை.

2

இனி, கிளர்ச்சிக்காரரின் போதனையை நோக்குவோம். மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினரை ஐந்து வகுப்புகளின் மூலம் உருவாக்கிற்று. பொருளாதார நெருக்கடி, சுதந்திரத்தின் போலித்தன்மை, இடதுசாரி இயக்கத்தின் வரலாறு, புரட்சிக்கான பாதை என்பன பற்றிய வகுப்புகளோடு, ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்னும் வகுப்பும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 1962 ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரையடுத்துச் சீனச் சார்பினரிடையே வழங்கிய இச்சொற்றொடரை, பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்து வந்த விஜேவீர இலங்கைக்கு ஏற்றவாறு விரித்தார். இந்திய மூலதனம், இந்திய வணிகர், இந்தியப் பண்பாட்டுச் செல்வாக்கு என்பவற்றோடு, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் அவ்விஸ்தரிப்பின் கருவியாக அவ்வகுப்பிற் காட்டப்பட்டனர்.

இப்போதனை வெறும் கற்பனையிலிருந்து பிறந்தது என்று கூறுவது நேர்மையாகாது. கண்டிய, சப்ரகமுவக் கிராமங்களைத் தோட்டங்கள் சுற்றிவளைத்தமை உண்மை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரமில்லாத சேனை நிலங்களையும் காடுகளையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலங்கள் பின்னர் துரைமாரின் கைக்குச் சென்றன. நிலமற்ற கிராமத்து இளைஞன் தன் வீட்டு முற்றத்தில் நின்று நோக்கியபோது அவன் கண்ணுக்குத் தென்பட்டது தோட்டத்து எல்லையும், அதற்கப்பால் லயன்களும் ஆகும். இலண்டனில் இருந்த கம்பனியோ, கொழும்புக் கோட்டையிலிருந்த முகவர் நிறுவனமோ அவன் கண்ணுக்குத் தென்படவில்லை. அவனுடைய குறை மெய்யானது. ஆனால் அக்குறைக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முகவரி பிழையானது. மார்க்சியத்தின் பெயரால் நடத்தப்பட்ட வகுப்பு, கண்ணுக்குத் தெரிவதற்கு அப்பாலுள்ள உடைமையுறவைக் காட்டியிருத்தல் வேண்டும். அதற்கு மாறாக அது கண்ணுக்குத் தெரிந்த அயலானையே காட்டிற்று.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று முரணை நாம் மனங்கொள்ளல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் அந்நியர், அவர்களது விசுவாசம் பிறநாட்டுக்குரியது என்னும் எண்ணம் மக்கள் விடுதலை முன்னணியின் கண்டுபிடிப்பன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் அடிநாதமே அதுதான். அச்சட்டத்தை இயற்றிய ஆளும் வர்க்கத்தையே தூக்கியெறிய எழுந்த இளைஞர், அவ்வர்க்கத்தின் மிகப் பழைய தப்பெண்ணம் ஒன்றைத் தம் புரட்சிப் பாடநூலில் அவ்வாறே படியெடுத்துக்கொண்டனர். ஆள்வோரும் அவர்க்கெதிராகக் கிளர்ந்தோரும் உடன்பட்ட பொருள்களுள் இஃதொன்று. தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் அக்கிளர்ச்சியிற் சேராது விலகி நின்றமைக்கு அவர்களது ‘அரசியற் பின்தங்கல்’ காரணமெனச் சிலர் கூறுவர். தம்மை எதிரியின் கையாளெனக் கற்பித்த ஓர் இயக்கத்திற் சேராமை பின்தங்கலாகாது. அது விளக்கமான அரசியல் தீர்ப்பேயாகும்.

இவ்வகுப்பு எத்துணைப் பிழையானது என்பதை வரலாறு சில வாரங்களுக்குள்ளேயே நிறுவிக் காட்டிற்று. இந்தியா உண்மையாகவே வந்தது. ஆனால் அது லயன் காம்பராக்களிலிருந்து புறப்பட்டு வரவில்லை. கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணின் உருவிலும் வரவில்லை. அது கட்டுநாயக்காவில், நாட்டின் பிரதமருடைய அழைப்பின் பேரில் வந்திறங்கிற்று. அவ்வழைப்பை விடுத்த அரசாங்கத்தைத் தெரிவுசெய்ததில் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர்க்குப் பங்கில்லை. அவர்களுக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. கிளர்ச்சிக்காரர் தேடிய அந்நியக் கரம், அவர்கள் தாமே வாக்களித்து அமைத்த ஆட்சியின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

இதன் கொடுமையை 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து நோக்கினால்தான் முழுமையாக உணரலாம். அவ்வாண்டு ஒக்டோபர் 30 அன்று இதே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்போடப்பட்டு, 1974 இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். எனவே 1971 இல் ‘இந்தியா’ என்னும் சொல் இருவேறு பொருள் தந்தது. அரசாங்கத்துக்கு அது ஹெலிகொப்டர். தோட்டத் தொழிலாளிக்கு அது விண்ணப்பப் பத்திரமும், தலைமன்னாரிற் கப்பலேறும் பயணமும். இவ்விரண்டாவது இந்தியாவுக்கு அவர்களை அனுப்பிய அதே கரமே முதலாவது இந்தியாவை வரவழைத்தது.

3

அரசு சார்ந்த எழுத்தில் முதன்மையானது, குற்றவியல் நீதி ஆணைக்குழுவின் விசாரணையும், அவ்வாணைக்குழுவின் உறுப்பினருள் ஒருவரான நீதியரசர் ஏ. சி. அலஸ் 1976 இல் வெளியிட்ட நூலும் ஆகும். சாட்சியங்களின் அடிப்படையில் எழுதப்பட்டமையால் அந்நூல் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்தருவது. ஆயினும் ஒரு நீதிமன்றத்தின் கேள்வி இயல்பாகவே குறுகியது. யார் சதிசெய்தார், யார் எதைச் செய்தார் என்பதே அதன் கேள்வி. ஏன் ஒரு தலைமுறை முழுவதும் சாவுக்குத் துணிந்தது என்பதும், அதனை அடக்கியோர் என்னென்ன செய்தனர் என்பதும் அதன் எல்லைக்குள் முழுமையாக அடங்குவனவல்ல.

அவ்வடக்குமுறையின் தன்மை மறைக்கக்கூடியதாக இருக்கவில்லை. கதிர்காமத்திற் பிரேமாவதி மனம்பேரி இராணுவத்தினராற் சித்திரவதைக்குள்ளாகிக் கொல்லப்பட்டமை நீதிமன்றத்திலேயே நிறுவப்பட்டது. பிடிபட்டோரும் சரணடைந்தோரும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். களனி கங்கையிற் பிணங்கள் மிதந்து சென்றதைத் தாம் கொழும்பிற் கண்டதாகப் பிரெஞ்சு வேளாண்மை அறிஞர் ரெனே துய்மோன் பதிவுசெய்துள்ளார். அக்கங்கை எட்டியாந்தோட்டைப் பள்ளத்தாக்கின் வழியாக வருவது. எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரோ, அவ்வரசாங்கத்தின் நிதியமைச்சரும், இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைவருமான கலாநிதி என். எம். பெரேரா அவர்கள். இறந்தோர் சுமார் 1,200 பேரென அரசாங்கம் கூறிற்று. பல்லாயிரம் பேரெனப் பிறர் மதிப்பிட்டனர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தடுத்துவைக்கப்பட்டனர்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இவ்வரசாங்கம் ஊழல் மிக்கதா? டியெமின் சைகோனோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது. இது மக்கள் வாக்கினால் வந்தது. ஆயுதத் தாக்குதலை முதலில் தொடுத்தவர் கிளர்ச்சிக்காரரே. தன்னைக் காக்கவும், நட்பு நாடுகளை அழைக்கவும் அதற்குச் சட்டப்படி உரிமையுண்டு. இவையனைத்தையும் ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. கையூட்டுப் பெறுதல் மட்டுமே ஊழலன்று. மக்கள் தந்த ஆணையை மக்களிடம் திரும்பிச் சென்று புதுப்பிக்க வேண்டிய தேவையினின்று ஓர் ஆட்சி விடுபடுமாயின், அங்கேயே அதன் சீரழிவு தொடங்குகின்றது. கட்டுநாயக்காவில் வந்திறங்கியவை துப்பாக்கிகளும் விமானங்களும் மட்டுமல்ல, அவ்விடுதலையும் உடன்வந்தது. உதவிய நாடுகளுள் எதுவும், பிடிபட்டோரைக் கொல்லலாகாது என்னும் நிபந்தனையைத் தன் உதவியோடு வெளிப்படையாகப் பிணைக்கவில்லை.

அவ்விடுதலையின் விளைவுகள் ஏப்ரலோடு முடியவில்லை. அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. 1972 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வழமையான சாட்சியச் சட்டத்தின் பாதுகாப்புகளைத் தளர்த்திற்று. பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலங்களுக்கு அது இடமளித்தது. இதே முறை 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மீண்டும் தோன்றி, வடக்குக் கிழக்குத் தமிழ் இளைஞர்மீது பிரயோகிக்கப்பட்டது. தெற்கின் சிங்கள இளைஞனை அடக்கச் செய்த விலங்கு வடக்கின் தமிழ் இளைஞனுக்கும் பொருந்திற்று. 1971 ஐச் ‘சிங்களவருக்கிடையிலான விவகாரம்’ எனக் கருதி அன்று ஒதுங்கியிருந்த நமது பத்திரிகையாளரும் அரசியல்வாதிகளும் இதனை முன்னுணர்ந்திருக்க வேண்டும்.

4

இடதுசாரி விமர்சனத்தின் பங்களிப்பு பெரிது. பிரெட் ஹலிடே 1971 இலேயே எழுதிய ஆங்கிலக் கட்டுரை, பன்னாட்டு அரசுகளின் இக்கூட்டை உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தது. நா. சண்முகதாசன் சிறையிலிருந்தவாறே இலங்கை வரலாற்றை மார்க்சிய நோக்கில் எழுதினார். மக்கள் விடுதலை முன்னணியின் இனவாதச் சாயலைத் தயக்கமின்றிக் கண்டித்தவர் அவர். தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்கப் பணியாற்றிய அனுபவமும் அவருக்கிருந்தது. அவர் போற்றிய பீக்கிங், அவரைச் சிறையிலிட்ட அரசாங்கத்துக்கு ஆதரவுக் கடிதம் எழுதியமை அக்காலத்தின் அவலச்சுவை மிக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும்.

எனினும் இவ்விமர்சன மரபிலும் ஒரு குறையுண்டு. தோட்டத் தொழிலாளர் இங்கு பெரும்பாலும் ஒரு ‘வர்க்கச் சக்தி’யாகவே தோன்றுகின்றனர். புரட்சியிற் சேர்க்கப்பட்டிருக்க வேண்டியவர்கள், சேர்க்கப்படாது விடப்பட்டவர்கள் என்ற அளவிலேயே அவர்கள் பேசப்படுகின்றனர். கிளர்ச்சியாளரின் கட்டுப்பாட்டிலிருந்த கிராமத்துக்கும் இராணுவம் நிலைகொண்ட பட்டினத்துக்குமிடையே, ஊரடங்குச் சட்டத்தின் கீழ், இரு சாராராலும் சந்தேகிக்கப்பட்டு வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பயமும் நிதானமும் ஆய்வுப் பொருளாகவில்லை. ஆக, முதல் எழுத்து அவர்களைக் கையாளராகக் கண்டது. இரண்டாவது எழுத்து அவர்களைக் காணவேயில்லை. மூன்றாவது எழுத்து அவர்களை இல்லாத படையணியாகக் கண்டது. மனிதராகக் கண்ட எழுத்து எங்கே?

இதற்கு விடையளிக்க வேண்டியவர் நாமே. மலையக இலக்கியம் குடியுரிமைப் பறிப்பையும், கப்பலேறியோரின் பிரிவுத் துயரையும், 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பட்டினியையும், 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களையும் தன் கருப்பொருளாக்கியுள்ளது. அது பாராட்டுக்குரியது. அவற்றோடு ஒப்பிடுமிடத்து 1971 ஏப்ரல் மிக மங்கலாகவே அவ்விலக்கியத்திற் பதிவாகியுள்ளது. இம்மௌனத்துக்குக் காரணம் அச்சமாக இருக்கலாம். ‘நமக்கு எதற்கு’ என்னும் ஒதுக்கமாகவும் இருக்கலாம். ஆனால் பின் வந்த துன்பங்கள் பலவற்றின் வேர் அம்மாதத்திற் செல்கின்றது. கிளர்ச்சியின் எதிரொலியாகவே 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் விரைவாக வந்தது. 1975 இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலமற்ற கிராமத்தவனுக்கு நீதி செய்வதாகக் கூறிய அச்சீர்திருத்தம், அந்நிலத்திலேயே பிறந்து உழைத்த தொழிலாளியை நிலம் பெறத்தக்கவனாகக் கருதவில்லை. பல தோட்டங்களில் அவன் வேலையையும் இருப்பிடத்தையும் இழந்தான். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதித் தோட்ட மக்கள் தாக்கப்பட்டபோது, அவர்கள் அந்நியர் என்னும் எண்ணம் கோட்பாட்டு உடையைக் கழற்றிவிட்டுத் தீப்பந்தத்தோடு வந்தது.

5

இரண்டாவது முறையும் இந்நாடகம் அரங்கேறிற்று. 1987 ஜூலை 29 அன்று இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவ்வேளை கொழும்பிலிருந்த ஆட்சி, 1982 டிசெம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பொதுத்தேர்தலைத் தவிர்த்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்ட ஆட்சி. இந்தியப் படைகள் வடக்கே இறங்கின. இந்திய விமானங்கள் இலங்கைப் படையினரை வடக்கிலிருந்து தெற்குக்கு ஏற்றிச் சென்றன. இந்தியப் போர்க்கப்பல்கள் கொழும்புக்கு அண்மையில் நின்றன. சமாதானப் படையென்னும் பெயருக்கு அடியில், தெற்கில் எழுந்த எதிர்ப்பை அடக்க ஓர் அரசாங்கத்துக்குக் கை ஒழித்துக் கொடுக்கும் செயலும் நடைபெற்றது.

மக்கள் விடுதலை முன்னணி தன் பழைய வகுப்பு மெய்யாகிவிட்டதெனக் கருதிற்று. ஆனால் மெய்யானது எது? இந்தியப் படை தமிழரின் படையன்று. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையினுள் வைத்தியரும் தாதியரும் நோயாளரும் அப்படையினராற் கொல்லப்பட்டனர். தமிழர், இந்தியா, விஸ்தரிப்பு என்னும் மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்திய சமன்பாடு அங்கு இரத்தத்தில் அழிந்தது. தெற்கிலோ, இந்திய எதிர்ப்பின் பெயரால் நடந்த கொலைகளும், அவற்றுக்கு எதிராக அரசு நடத்திய கொலைகளும் 1989 இல் உச்சமடைந்தன. எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர் கடத்தப்பட்டுக் காணாமற்போயினர்; 1994 இல் இறக்குவானை மலைகளை அடுத்த சூரியகந்தையிற் பாரிய புதைகுழியொன்று தோண்டப்பட்டது. சப்ரகமுவ மண் இருமுறையும் தன் பிள்ளைகளின் உடலை ஏற்றது. 1989 நவம்பரில் விஜேவீர கைதாகியபோது, உலப்பனையில் ஒரு தோட்டத்துரையாக வேடம் பூண்டு வாழ்ந்திருந்தார் என்பது, வரலாறு சிலவேளைகளிற் கதாசிரியரையும் விஞ்சிவிடும் என்பதற்குச் சான்று. எவரை அந்நியரின் கையாளென அவரது வகுப்பு கற்பித்ததோ, அவர்களது வாழிடத்தையொத்த ஒரு தோட்டமே அவருக்கு மறைவிடமாயிற்று.

காலம் மாறியுள்ளது. நாடற்றவரென்னும் நிலை 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களாற் படிப்படியாக நீங்கிற்று. 2024 செப்டெம்பரில் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் நாட்டின் சனாதிபதியாகத் தெரிவானார். 2025 ஏப்ரல் 5 அன்று, அதாவது வெல்லவாயத் தாக்குதல் நடைபெற்று ஐம்பத்து நான்காண்டுகள் நிறைந்த அதே நாளில், அவரது அரசாங்கம் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டது. இதனைத் துரோகமென்று எள்ளி நகையாடுவது எளிது. முதிர்ச்சியென்று புகழ்வதும் எளிது. இவ்விரண்டையும் விடப் பயனுள்ளது, ஒரு கேள்வியைக் கேட்பது: தலைநகரங்கள் தமக்குள் சமரசம் செய்துகொண்டன, ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்னும் சொல்லின் சுமையை அரை நூற்றாண்டாகச் சுமந்த மக்களோடு எவரேனும் கணக்குத் தீர்த்தனரா?

மேற்கண்டவற்றிலிருந்து பெறத்தக்க முடிவு இதுவே. பிறநாட்டுப் படைத்தலையீட்டை அளக்கும் கோல், காப்பாற்றப்பட்ட ஆட்சியாளரின் நல்லொழுக்கமோ தீயொழுக்கமோ மட்டுமன்று. அத்தலையீடு ஆட்சியாளரைத் தம் மக்களுக்கு விடையளிக்கும் கடமையினின்று விடுவித்ததா என்பதே முதன்மையான கேள்வி. தலையீட்டை எதிர்ப்போர்க்கும் இக்கோல் பொருந்தும். அந்நியக் கரத்தை அழைத்தவனிடம் தேடாது, அயலில் வாழும் ஏழையிடம் தேடும் எதிர்ப்பு, தான் எதிர்க்கும் ஆட்சிக்கே தொண்டு செய்கின்றது.

1971 இல் இளைஞராக இருந்தோர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் அம்மாதத்தைக் கண்டோரும், அத்தோட்டங்களின் எல்லைக்கப்பால் அம்மாதத்தில் உடன்பிறந்தாரை இழந்த சிங்களக் கிராமத்தவரும் அருகி வருகின்றனர். இவ்விரு சாராரின் நினைவுகளையும் அருகருகே வைத்து எழுதும் நூலொன்று தமிழில் வருமாயின், ஐந்து வகுப்புகளும் ஆணைக்குழுவும் செய்யத் தவறியதை அது செய்யும். அதற்குப் பெரும் கோட்பாடுகள் தேவையில்லை; தமிழும் சிங்களமும் அறிந்து, மலையேறிச் சென்று, பொறுமையோடு கேட்கும் மாணவர் சிலர் போதும். அத்தகையோர் பல்கலைக்கழகங்களில் இன்னும் உளர்.